தலைக்கு ஒரு வட்டம்

கோதண்டம் இறந்து பதினேழு நாளாகிறது. மஞ்சள் காமாலை. வயது முப்பத்தெட்டு. அவன் ஊரறிந்த ஆள் இல்லை. திருவொற்றியூர்க் குப்பத்திலும், எண்ணூரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் வார்ப்படப் பிரிவிலும், பழைய ஆட்கள் சிலரிடம் 'தட்டு கோதண்டம்' என்று சொன்னால் தெரியும். எப்படி அந்தப் பெயர் வந்தது என்பது அவர்களிலும் பாதிப் பேருக்கு மறந்திருக்கும்.

1967இல் அவன் அங்கே தினக்கூலி. வார்த்து ஆறிய இரும்பைத் தூக்கி அடுக்குகிற வேலை. நான் வரைபடப் பிரிவில் இருந்தேன். அந்த வருஷம் தொழிற்சாலை விளையாட்டு விழாவில் வட்டெறிதலுக்கு ஆள் போதவில்லை என்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டார்கள். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். இரும்புப் பூண் போட்ட அந்த மரத் தட்டைக் கையில் வாங்கி எடை பார்த்தான்.

"இத்த அப்டியே வீசணுமா, இல்ல சுத்தி வீசணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவன் ஒரு சுற்றுச் சுற்றி வீசினான். தட்டு மைதானத்தைத் தாண்டி சைக்கிள் ஸ்டாண்டின் தகரக் கூரையில் போய் விழுந்தது. அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

விளையாட்டுக்குப் பொறுப்பான அதிகாரி ஒரு வழி சொன்னார். மூன்று மாதம் கழித்து மாநிலக் குழுவுக்குத் தேர்வு. நாற்பத்திரண்டு மீட்டர் எறிந்தால் குழுவில் பெயர் வரும்; பெயர் வந்தால் வேலை நிரந்தரம். கோதண்டத்துக்கு அது பதக்கத்தைவிடப் பெரிய காரியம். அவன் மனைவி பூமாரியின் அப்பா கட்டுமரத்தில் போய்த் திரும்பாதவர். இனிக் கடலுக்குப் போவதில்லை என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் அவள் இவனைக் கட்டிக்கொண்டாள். தினக்கூலியை எந்த மாதமும் நிறுத்துவார்கள். நிறுத்தினால் கடல்தான்.

பயிற்சியில் அவன் நாற்பதரை, நாற்பத்தொன்று என்று எறிந்துகொண்டிருந்தான். இன்னும் ஒரு மீட்டர் வேண்டும். அந்த ஒரு மீட்டரை நான் கண்டுபிடித்துத் தருவதாகச் சொன்னேன். அவன் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த என் மைத்துனன் ஜார்ஜிடம் ஒரு சினிமா கேமரா இருந்தது. கப்பல் சமையல்காரன் ஒருவனிடம் வாங்கியது. சாவி கொடுத்தால் ஓடும்; நொடிக்குப் பதினாறு படம் எடுக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக மைதானத்துக்குப் போய் ஒரு சுருள் முழுவதும் கோதண்டத்தை எடுத்தேன். குப்பத்துப் பெண்கள் வேலியோரம் கூடிவிட்டார்கள்.

"யோவ் கோதண்டம், சோடிப் பொண்ணு யாருய்யா?"

"இந்தா, லூயிசுதான்" என்று என்னைக் காட்டினான் அவன். "சேலை தோச்சிப் போட்டுக்கீது, காஞ்சதும் கட்டிகினு வரும்."

பிலிமைப் பம்பாய்க்கு அனுப்பிக் கழுவி வாங்க மூன்று வாரம் ஆயிற்று. வந்ததும் சிறந்த வீச்சு ஒன்றைத் தேர்ந்து துண்டாக வெட்டினேன். ஒன்றரை நொடி, இருபத்துநாலு படம். ராயபுரத்தில் தெரிந்த ஸ்டூடியோவில் போட்டோவைப் பெரிதாக்கும் கருவியில் ஒவ்வொன்றாக வைத்து, கீழே விழும் பிம்பத்தின் மேல் டிரேசிங் தாளை விரித்து வரைந்தேன். தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று புள்ளி வைத்துக் கோட்டால் இணைப்பேன். கோணமானியால் ஒவ்வொரு மூட்டையும் அளந்து ஓரத்தில் எழுதுவேன். தொழிற்சாலையில் எந்திர உறுப்புகளை வரைவதும் ஏறக்குறைய அப்படித்தான். பாரம் தாங்கும் இடங்களைக் குறித்தால் போதும். தலை எதையும் தாங்கவில்லை. அதற்கு ஒரு நாணயத்தை வைத்து வட்டம் போட்டேன்.

தாள்களை வரிசையாகப் பரப்பிக் கோதண்டத்துக்குக் காட்டியபோது அவன் குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

"இன்னா நைனா இது, நண்டு நடந்த மாரி கீது?"

"நீதான்டா அது."

"நானா? கறியே இல்லாம கீறேனே. மூஞ்சி எங்க?"

"மூஞ்சியாடா தட்டு வீசுது?" என்றேன்.

அவன் சிரித்துவிட்டான். நானும் சிரித்தேன்.

ஒன்பதாவது படத்திலிருந்து பதினாலாவது வரை அவனுடைய இடது தோள் தாழ்ந்திருந்தது. நான் வைத்திருந்த வெளிநாட்டுப் பயிற்சிப் புத்தகத்தில் வீரர்கள் எல்லோரும் தோளை மட்டமாக வைத்து, தலை நிமிர்ந்து சுற்றினார்கள். அந்த ஆறு தாள்களிலும் தோளின் மேல் சிவப்பு மையில் கோடு போட்டுக் காட்டினேன். தோள் மட்டமானால் கை அகலமாகச் சுழலும். அகலம் கூடினால் தூரம் கூடும். கணக்கில் பிழை இல்லை. இன்று போட்டாலும் அதே விடைதான் வரும்.

ஐந்து வாரம் அதையே பழக்கினேன். எறிதூரம் குறைந்தது. பழைய பழக்கம் போக நாளாகும் என்றேன். பூமாரி ஒரு நாள் சோற்றுத் தூக்கோடு வந்து பார்த்துவிட்டு, "இன்னாண்ணே, நல்லா வீசிகினு இருந்த ஆள நீட்டி வச்ச தொடப்பம் மாரி ஆக்கிட்ட?" என்றாள். கோதண்டம்தான் அவளை அதட்டினான். "நீ சும்மா இரு. அவன் பி.எஸ்ஸி. லீவு நாள்லாம் இருட்டு ரூம்ல குந்திகினு எனுக்கோசரம் கோடு போட்டுக்கீறான்."

தேர்வு நாளில் மூன்று வீச்சு. முதல் வீச்சு முப்பத்தாறு மீட்டர். இரண்டாவது எல்லைக் கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. மூன்றாவதற்கு வட்டத்துக்குள் போகும்முன் அவன் என் பக்கம் ஒரு தரம் பார்த்தான். பிறகு கையைப் பின்னால் கொண்டுபோனான். இடது தோள் தாழத் தொடங்கியது. மோவாய் அந்தத் தோளை நோக்கிப் போயிற்று. பழையபடி போகிறான் என்று எனக்குப் பதறியது.

"தலை! தலைய நிமித்து!" என்று கத்தினேன்.

நிமிர்ந்தான். முப்பத்தேழரை.

வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்தோம். பன்னைப் பிய்த்து டீயில் நனைத்துக்கொண்டே, "நீ சொன்னது கரீட்டுதான் லூயிசு. என் ஒடம்புதான் கேக்கல" என்றான்.

அடுத்த வருஷம் தினக்கூலிகளில் பாதிப் பேரை நிறுத்தினார்கள். அவன் கடலுக்குத் திரும்பினான். பூமாரி அதற்குப் பிறகு எந்த நாளும் அவன் கட்டுமரம் கரையேறும்வரை வீட்டுக்குள் இருந்ததில்லை என்பார்கள்.

1971இல் ஒரு நாள் எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் போயிருந்தேன். கோதண்டம் இடுப்பளவு தண்ணீரில் நின்று வீச்சுவலை போட்டுக்கொண்டிருந்தான். கடல் கொந்தளிப்பாக இருந்தால் அங்கே வருவான். வலையின் ஒரு பகுதி இடது தோளில், ஒரு பகுதி வலது கையில். ஈயக்குண்டு கோத்த விளிம்பின் ஓர் இடத்தைப் பல்லால் கடித்திருந்தான். பல்லில் பிடித்ததால் மோவாய் இடது தோளோடு ஒட்டியிருந்தது, தோள் தாழ்ந்திருந்தது. அப்படியே இடுப்பைத் திருப்பிச் சுழன்றான். கடைசி நொடியில் வாயைத் திறந்தான். வலை பறந்து வட்டமாக விரிந்து விழுந்தது.

சிறுவயது முதல் அவன் உடம்பு அந்தக் கடியிலிருந்துதான் சுழலக் கற்றிருந்தது. கையில் தட்டு இருந்தபோதும் வாயில் இல்லாத வலையைக் கடித்துக்கொண்டுதான் சுற்றியிருக்கிறான். இருபத்துநாலு படத்திலும் அது இருந்திருக்கும். அந்த இடத்தில் நான் வட்டம் போட்டிருந்தேன்.

அவன் கரையேறி வந்து, "இன்னா அப்டி பாக்கற?" என்றான்.

"ஒண்ணும் இல்ல."

அதற்கப்புறம் ஆறு வருஷம் இருந்தது. எத்தனையோ முறை சந்தித்தோம். 'உன் உடம்பில் குறை இல்லையடா, என் படத்தில்தான் குறை' என்று ஒரு வாக்கியம். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நேற்று காரியம் முடிந்த வீட்டுக்குப் போய்ப் பூமாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அது அவுருக்குத் தெரியும்ணே" என்றாள்.

"எது?"

"பல்லுதான். செலக்சனுக்குப் போய் வந்த அன்னிக்கே சொல்லிச்சி. மூணாவது தபா வலைய கடிக்கிற மாரி கடிச்சிகினுதான் நின்னுச்சாம். நீ கத்தின. நிமிந்துட்டேன்னு சொல்லிச்சி."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பேஜாராப்பூடுவேன்னு. எங்கையும் சொல்லாதன்னு என் தலைல அடிச்சி சத்தியம் வாங்கிச்சி."

பிறகு அவளே கேட்டாள். "அந்த சினிமாப் படம் கீதாண்ணே? வயசுல எடுத்த போட்டோ எங்களாண்ட ஒண்ணுகூட இல்ல."

இல்லை. தேர்வு முடிந்த வாரமே பிலிம் துண்டுகளைக் குப்பையில் போட்டுவிட்டேன். தாள்கள் மட்டும் மிச்சம். கையோடு கொண்டுபோயிருந்ததை அவள் முன்னால் வைத்தேன். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவள் பன்னிரண்டாவது தாளில் நிறுத்தினாள்.

"இது அவுருதான். நடக்கறப்பகூட இந்தத் தோளு இப்டித்தான் எறங்கியிருக்கும்." சிவப்புக் கோட்டைத் தொட்டாள். "இத்த மட்டும் அழிச்சிக் குடுக்கிறியா? மாட்டி வைக்கணும்."

டிரேசிங் தாளில் மையை பிளேடால் சுரண்டி எடுக்கலாம். ஆனால் அந்தக் கோடு தோளின் மேலேயே ஓடுகிறது. சுரண்டினால் தோளும் போய்விடும். புதுத் தாளில் எடுத்து வரைந்து தருகிறேன் என்று வாங்கி வந்தேன்.

கால், இடுப்பு, கை எல்லாம் முடிந்துவிட்டது. தோளையும் அவனுடைய சரிவிலேயே வரைந்தாயிற்று. தலை மிச்சம் இருக்கிறது.