சித்தி பெட்டியில் வெந்தயக்கீரை

எங்கள் வீட்டில் ‘பேண்ட்டை எடுத்துக்கொண்டு வா’ என்றால் மார்க்கெட்டுக்குப் போகிறோம் என்று அர்த்தம். அப்பாவின் பழைய பேண்ட்டை அம்மா முழங்காலுக்கு மேல் வெட்டி, அடிப்பக்கத்தைத் தைத்து, இடுப்பில் இரண்டு காது வைத்துக் காய்கறிப் பையாக்கி, சமையலறை ஆணியில் மாட்டியிருந்தாள். அதைப் பை என்று யாரும் சொன்னதில்லை. எண்ணெய் கேனின் தலையைச் சீவி மக் ஆக்கியிருந்தாள், அதன் பெயர் எண்ணெய். தரை துடைக்கும் துணி அப்பாவின் பனியனாக இருந்தது, ஆகவே அதன் பெயர் அப்பா. ‘அப்பாவைப் பிழிந்து காயப்போடு’ என்று அம்மா சொல்வாள். அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். பொருள் என்ன வேலைக்கு மாறினாலும் பழைய பெயரை மட்டும் விடாது, அதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

வெளியாட்களுக்கு இது விளங்காது. கல்பாக்கம் டவுன்ஷிப் குடியிருப்பில் எங்களுடையது மாடி வீடு. அப்பாவோடு வேலை பார்ப்பவர் ஒருவர் வந்திருந்தபோது, செடிக்கு ஊற்றுவதற்காக அம்மா என்னிடம் “எண்ணெயில தண்ணி எட்த்துனு வா” என்று குரல் கொடுத்தாள். அவர் அவசரமாக எழுந்து, தனக்குத் தாகம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

அம்மாவிடம் ஒரு கண்டிப்பும் உண்டு. உயிரோடு இருக்கும் பொருளைத் தொடமாட்டாள். கிழிய வேண்டும், உடைய வேண்டும், ஓட்டையாக வேண்டும், அதன் பிறகுதான் அவள் கத்தரிக்கோலைத் தேடுவாள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. என் பொம்மைக்குக் கறுப்புக் கவுன் தைக்க வேண்டும் என்ற ஆசையில் நல்ல குடை ஒன்றின் கம்பியை நானே வளைத்து, ‘குடை செத்துப்போச்சு’ என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். முதுகில் இரண்டு வைத்துவிட்டு அம்மா சொன்னாள்: “முழுசா கீற சாமான் மேல கை வெக்கக் கூடாது. அது பாவம்.” எனக்கு நன்றாக உறைத்தது. அதனால்தான் அந்த வருஷ முழுப்பரீட்சை லீவில் அம்மா செய்த காரியம் எனக்குப் பிடிபடவே இல்லை.

அந்த லீவில் சித்தி வந்தாள். அம்மாவின் ஒரே தங்கை, திருப்போரூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். சித்தப்பா டெம்போ வைத்திருந்தார், அதோடு மனை விற்பவர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கவும் செய்தார். சித்தி முன்பும் இப்படித் திடீர் திடீரென்று வந்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அம்மா அவளோடு கதவைச் சாத்திக்கொண்டு பேசுவாள். பிறகு முறுக்கு சுடுவாள், சித்தியின் பெட்டியைத் தானே அடுக்குவாள், அனுசரித்துப் போகச் சொல்லி பஸ் ஏற்றிவிடுவாள். முறுக்கு கிடைப்பதால் சித்தி வருவதும் போவதும் எனக்கு ஒரே மாதிரி சந்தோஷம்தான்.

இந்த முறை முறுக்கு சுடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பேசியதும் அம்மா நேராகப் பீரோவைத் திறந்து, அப்பா வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் காக்கிச் சட்டைகளில் ஒரு பழையதை எடுத்து, சித்திக்கு நைட்டி மேல் மாட்டிவிட்டாள். முழுக்கைச் சட்டை. கடற்கரை வெயிலில் மனுஷர் பனியனே போட முடியாமல் தவிக்கும்போது சித்தி மணிக்கட்டுவரை பொத்தான் போட்டுக்கொண்டு வளையவந்தாள். அப்பாவின் சட்டைக்கு அம்மா கண்டுபிடித்த புது உபயோகம் போலிருக்கிறது என்று நான் விட்டுவிட்டேன். அந்தச் சட்டைக்கு மட்டும் அவள் பெயரே வைக்கவில்லை என்பது கொஞ்சம் இடித்தது.

சித்தியின் பெட்டி மெரூன் நிறம். கல்யாணத்துக்கு அம்மாவே செங்கல்பட்டுக்குப் போய், நான்கு கடை ஏறி இறங்கி வாங்கிக் கொடுத்தது. தட்டினால் டங்கென்று சத்தம் வரும், கெட்டி பிளாஸ்டிக். சித்தி அதைப் பிரித்து அடுக்காமல் கட்டிலடியில் வைத்து, வேண்டிய துணியை மட்டும் எடுத்துவிட்டு உடனே பூட்டிவிடுவாள். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பவள் மாதிரிதான் எங்கள் வீட்டில் இருந்தாள்.

எதிர்வீட்டுக்குப் போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து சித்தியை அழைத்துப் போவதாகச் சித்தப்பா சொன்னாராம். சாப்பிடும்போது அப்பா, குடும்பம் என்றால் நாலும் இருக்கும், வரட்டும், உட்காரவைத்துப் பேசி அனுப்பிவைப்போம் என்றார். சித்தி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். எப்போதும் அப்பாவுக்குப் பதிலுக்குப் பதில் சொல்லும் அம்மா, அன்றைக்கு ரசத்தை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் அப்பாவை ஸ்டாஃப் பஸ்ஸில் அனுப்பிவிட்டு அம்மா அந்தப் பெட்டியை வெளியே இழுத்தாள். துணிகளையெல்லாம் என் அலமாரியில், என் பொம்மைகள் இருந்த தட்டில் அடுக்கினாள். பொம்மைகள் அரிசி மூட்டை மேல் போய் உட்கார்ந்தன. பிறகு கீலைக் கழற்றிப் பெட்டியை இரண்டாகப் பிரித்தாள். கேஸ் அடுப்பில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சினாள். சித்தி கதவருகே நின்று, “அக்கா, நல்ல பெட்டிக்கா அது” என்றாள்.

“நல்ல பெட்டிதான். வந்து புடி” என்றாள் அம்மா.

சித்தி பெட்டியைப் பிடித்துக்கொள்ள, அம்மா அதன் அடியில் ஓட்டை ஓட்டையாகப் போட்டாள். பிளாஸ்டிக் கருகும் நாற்றத்தில் எனக்கு இருமல் வந்தது, என்னைப் பால்கனிக்கு விரட்டிவிட்டார்கள். நான் அங்கே நின்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். குடைக் கம்பியை வளைத்ததற்கு எனக்கு இரண்டு அடி என்றால், ஒரு கீறல்கூட விழாத பெட்டியைப் பொசுக்கும் அம்மாவுக்கு எத்தனை அடி? யார் போடுவது?

பெட்டியின் அடிப்பாகத்தில் மண் கொட்டி வெந்தயம் தூவிப் பால்கனியில் வைத்தாள். மூடி, வாசலில் செருப்பு விடும் தட்டாயிற்று. வாரக் கடைசிக்குள் வெந்தயம் இரண்டிரண்டு இலையாக நெருக்கமாக எழும்பிவிட்டது. எங்கள் வழக்கப்படி நான் அதற்குச் ‘சித்தி பெட்டி’ என்று பெயர் வைத்தேன், யாரும் மறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தார். எனக்கு மிக்சர் பொட்டலம் வாங்கி வந்திருந்தார். செருப்பை அந்த மெரூன் மூடியில்தான் கழற்றிவிட்டார், அடையாளம் தெரியவில்லை. காபி குடித்தார், அப்பாவிடம் மனை விலையெல்லாம் பேசினார். சித்தி சுவரோரம் முழுக்கைச் சட்டையோடு நின்றாள். அப்பா, பார்த்து நடந்துகொள்ளுங்கள் சகலை என்று பொதுவாக ஏதோ சொன்னார், சித்தப்பாவும் பொதுவாகத் தலையாட்டினார். அவ்வளவுதான், பேச்சுவார்த்தை முடிந்தது. அவர் டம்ளரை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, “பாப்பா, சித்தி பெட்டிய எட்த்துனு வா. கீய வண்டி நிக்குது” என்றார்.

கேட்டதைச் செய்யும் பிள்ளை நான். பால்கனிக்குப் போய், தூக்க முடியாமல், சித்தி பெட்டியைத் தரதரவென்று கூடத்துக்கு இழுத்து வந்தேன். வழியெல்லாம் மண். நடுக்கூடத்தில் ஈரமாக, பச்சையாக, ஒரு வெந்தயப் பாத்தி வந்து நின்றது.

சித்தப்பா சிரித்துப் பார்த்தார். “இன்னா அண்ணி இது?”

“பெட்டி வேற வேலைக்குப் போயிட்ச்சு தம்பி.”

“சரி, வேற வாங்கிக்கலாம். ஒரு பையில துணியப் போட்டு அனுப்புங்க.”

“எங்க வூட்ல பை இல்ல.”

நான் திடுக்கிட்டேன். எட்டிப் பார்த்தாலே தெரியும், சமையலறை ஆணியில் தொங்குகிறது. அம்மா மறந்துவிட்டாள் என்று நினைத்து, “அப்பா பேண்ட் கீதேம்மா” என்றேன். சித்தப்பா என்னைப் பைத்தியமா என்பதுபோல் பார்த்தார். அம்மா என் பக்கமே திரும்பவில்லை.

சித்தி நகர்ந்து வந்து தரையில் உட்கார்ந்தாள். சிந்திய மண்ணை அள்ளிப் பெட்டியில் போட்டாள். சாய்ந்த செடிகளை விரலால் நிமிர்த்தினாள். சட்டைக் கை மண்ணில் இழுபட்டது. ஒருமுறை சித்தப்பாவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பொத்தானைக் கழற்றி, இரண்டு கையையும் முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டு மறுபடி மண்ணை அள்ள ஆரம்பித்தாள்.

அவள் கையெல்லாம் வட்ட வட்டமாகச் சுட்ட தழும்பு. சில ஆறியிருந்தன, சில இன்னும் சிவப்பாக இருந்தன. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார், அவர் முகம் எனக்குப் பயமாக இருந்தது. சித்தப்பாவுக்கு அம்மாவின் மேல் கோபம் வந்துவிடப் போகிறது என்று நான் முந்திக்கொண்டு அவரிடம் சொன்னேன்: “எங்கம்மா கம்பி காய்ச்சி ஓட்ட போட்டாங்கோ. சித்திதான் புட்ச்சிக்கினு இருந்துச்சு. அப்ப சுட்டுக்கிச்சு.”

நான் சொன்னது சித்தப்பாவுக்குச் சாதகமான விளக்கம்தான். ஆனால் அப்பா எழுந்து நின்று, “சகல, நீங்க கெளம்புங்க. அவ இங்கதான் இருப்பா” என்றார். சித்தப்பா வாசலில் மூடியிலிருந்த செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். கூடத்தை மண்ணாக்கியதற்கு எனக்கு அடி விழும் என்று காத்திருந்தேன், விழவில்லை. மிக்சர் பொட்டலத்தைக்கூட யாரும் பிரிக்கவில்லை.

அம்மா சமையலறையில் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். எனக்குப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய், வேண்டுமென்றா செய்தாய், கம்பி தெரியாமல் பட்டுவிட்டது என்று சமாதானம் சொன்னேன்.

“இல்ல பாப்பா” என்றாள் அம்மா. “நாந்தான் சுட்டேன். ஒவ்வொரு வாட்டியும் முறுக்கு சுட்டு, பெட்டி கட்டி, நாந்தான் சுட்டேன்.”

முறுக்கு எங்கே இதில் வந்தது என்று எனக்குப் புரியவில்லை. அடுத்த முறை ஓட்டை போடும்போது சித்தியைத் தள்ளி நிற்கச் சொல்லலாம், பெட்டியை நான் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். அம்மா என்னை இழுத்து மடியில் அழுத்திக்கொண்டாள். மூச்சு முட்டியது.