பாம்பு முடிக்காரியும் பெண் பார்க்க வந்தவர்களும்

இன்று செம்பட்டியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள்.

மாப்பிள்ளை உட்கார்ந்ததுமே டிவி போடச் சொன்னார். ஏதோ ஒரு கிரேக்க வீரனின் சாகசத் தொடர், தமிழ் டப்பிங். நான் காபி கொண்டுபோனபோது, தலைமுடி முழுக்கப் பாம்பாக நெளியும் அரக்கியை நோக்கி வீரன் வாளோடு போய்க்கொண்டிருந்தான்.

மாப்பிள்ளையின் அம்மா திரையைப் பார்த்தார். பிறகு என் சுருட்டை முடியைப் பார்த்தார்.

“ஏலே, நம்ம பொண்ணு முடி மாதிரியே இருக்குல்ல?”

மகன் விழுந்து விழுந்து சிரித்தார். “கல்யாணத்துக்கு முன்னாடி பார்லர் போயி நேராக்கிட்டாப் போதும்மா.”

வீரன் அவள் தலையை வெட்டினான். மாப்பிள்ளை கைதட்டினார்.

இந்த ஆளோடு ஒரே வீட்டில் இருப்பதை நினைத்தாலே உடம்பு கூசியது. டிவியை அணைத்தேன்.

“அம்புட்டுதாங்க. கெளம்புங்க.”

அம்மா பதறிப்போனார். அப்பா எழுந்துபோய் வாசல் கதவை அகலத் திறந்துவைத்தார்.

“பாப்பா சொல்லிருச்சுல்ல? செம்பட்டி பஸ்ஸு இப்ப வந்துரும்.”

ஒரு சட்டி கேசரி அப்படியே கிடக்கிறது. நாகல்நகரில் எங்கள் வீட்டுப் பக்கம் இருக்கும் சுருட்டை முடிக்காரர்கள் உடனே வரவும். நேர் முடிக்காரர்களும் வரலாம், டிவி மட்டும் போடச் சொல்லக் கூடாது.