காய்ந்த பிறகு தெரியும் வெள்ளை

குளியலறையில் டைல்ஸ் பதிக்கிறவருக்குப் பெயர் கிடைக்கும். இரண்டு டைல்ஸுக்கு நடுவே உள்ள இடுக்கை அடைக்கிறவளுக்கு ஏச்சுத்தான் கிடைக்கும். சுவர் முழுக்கப் பளபளவென்று இருக்கும். வீட்டுக்காரர் கண் மட்டும் நூல் கனத்துக்கு ஓடுகிற அந்த இடுக்கில் போய் நிற்கும்.

நான் அந்த இடுக்கை அடைக்கிறவள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். புதுத் துறைமுகம் வந்ததிலிருந்து தூத்துக்குடியில் கொஞ்சம் வசதி உள்ளவர்கள் எல்லோருக்கும் வெள்ளை டைல்ஸ் வைத்த குளியலறை வேண்டும் என்றாகிவிட்டது. வெள்ளை சிமெண்டைத் தண்ணீரில் குழைத்து, விரலால் இடுக்கில் அழுத்தி, ஈரத் துணியால் வழித்துவிட வேண்டும். சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் அதற்கு ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு, வெளுக்குமா, திட்டுத் திட்டாகத்தான் நிற்குமா என்று சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்கு என் பாடு புரியும். நான் பட்ட வெட்கங்களைச் சொல்கிறேன். முதல் மூன்றுக்கும் நீங்கள் சிரித்துக்கொள்ளலாம். அதற்கு அடுத்ததற்கு எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

பொங்காத பால்

என்னை இந்த வேலைக்குக் கூட்டிவந்தவள் பிலோமினா. கடற்கரைக்காரி. என்னைப் போலவே சாந்துச் சட்டி சுமக்கிற சித்தாள். டைல்ஸ் பதிக்கிற தாவீது கொத்தனாருக்கு விரல்கள் மொத்தமானவை, இடுக்கில் படியாது. "அண்ணாச்சி, இந்தச் செல்லக்கனி விரலப் பாரும், முருங்கைக்காய் மாதிரி" என்று என் கையைப் பிடித்து அவர் முன்னால் நீட்டியவள் அவள்தான். அன்றோடு என் தலையிலிருந்து சட்டி இறங்கியது. அவள் தலையிலிருந்து இறங்கவில்லை.

முதல் வீட்டில் காலையிலேயே ஒரு சுவர் முழுக்க அடைத்து முடித்தேன். பார்த்தால் வெள்ளையாகவே இல்லை. அழுக்குத் தண்ணீர் நிறத்தில் கிடக்கிறது. உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி போய்ப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. கொத்தனார் சாப்பிடப் போன நேரத்தில் ஓர் ஆணியை எடுத்து அத்தனை இடுக்கையும் சுரண்டிவிட்டேன். அவர் திரும்பி வந்தபோது, சன்னல் வெயில் விழுந்த மூலையில், நான் சுரண்டாமல் விட்ட ஒரு முழம் மட்டும் காய்ந்து தும்பைப் பூவாக வெளுத்திருந்தது. அவர் அந்த ஒரு முழத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பால் பொங்கலையேன்னு சட்டியக் கவுத்தவ ஊருலயே நீ ஒருத்திதாம்ளா."

சுவரில் உப்பளம்

அடுத்தது ஒரு கப்பல் ஏஜெண்டு வீடு. "கிணத்துத் தண்ணி ஆகாது, நல்ல தண்ணிதான் ஊத்திக் கொழைக்கணும்" என்று கொத்தனார் சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் குடத்துக்குக் குடம் எண்ணி வரும். குடிக்கிற தண்ணீரைச் சுவருக்குத் தாருங்கள் என்று அந்த வீட்டு அம்மாவிடம் எந்த முகத்தோடு கேட்பது? எனக்குக் கூச்சமாகிவிட்டது. பேசாமல் கொல்லைக் கிணற்றில் இறைத்தேன். வாயில் வைத்தால் கரிக்கும். சிமெண்டுக்கு நாக்கா இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காய்ந்ததும் நல்ல வெள்ளை. வந்தவர் போனவர் எல்லாம் மெச்சினார்கள். நானும் வாயெல்லாம் பல்லாக நின்றேன். நான்காம் நாள் இடுக்கு முழுக்கப் பஞ்சு பஞ்சாகப் பூத்துவிட்டது. துடைத்தால் அடியில் மஞ்சள். மறுநாள் போய்ப் பார்த்தால் மறுபடியும் பூத்திருக்கிறது. அந்த அம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். அடுக்களைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்:

"உப்பு தீந்துதுன்னா இனிமே கடைக்கு ஓடாண்டாம், குளியலறையில ஒரு கை வழிச்சிட்டு வாங்க!"

தலைமையாசிரியர் வீட்டு நீலம்

நாசரேத்திலிருந்து வந்து இங்கே வீடு கட்டிய, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியர். அவர் வீட்டில் நல்ல தண்ணீரைக் கேட்டே வாங்கிவிட்டேன். இந்தத் தடவை சிமெண்டு சதி செய்தது. மூட்டையில் ஈரம் பட்டு லேசாகப் பழுப்பேறி இருந்தது. கொத்தனாரிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை, ஏற்கெனவே இரண்டு தடவை கெட்ட பெயர். வேட்டி பழுத்தால் நீலம் போடுகிறோம், சுண்ணாம்பிலும் நீலம் கலக்கிறோம், இதற்கு மட்டும் ஆகாதா என்று ஒரு சிட்டிகை போட்டேன். குழைத்தால் வித்தியாசம் தெரியவில்லை. இன்னொரு சிட்டிகை. மனசு ஆறாமல் மூன்றாவதும் போட்டேன்.

காய்ந்தது. தலைமையாசிரியர் வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, வெள்ளைச் சுவரில் மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் ஓடிய நீலக் கோடுகளை ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏம்மா, காலமெல்லாம் கணக்கு நோட்டுத் திருத்திட்டு இப்பத்தான் ஓய்ஞ்சிருக்கேன், குளிக்கிற இடத்துலயும் ஒண்ண விரிச்சு வச்சிட்டியே!"

சிவந்த நாலு வரிசை

அதற்குப் பிறகு கீழவைப்பாரில் ஒரு தோணி முதலாளி வீட்டு வேலை. காலை பஸ்ஸில் கொத்தனாரும் பிலோமினாவும் நானும் போவோம். முதல் நாளே கொத்தனார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இங்கயும் நெறம் தப்புச்சுன்னா, நீ பழையபடி சட்டி தூக்கப் போயிருளா." அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவருக்கு இன்னொரு சட்டமும் உண்டு. வேலை நடக்கிற அறைக்குள் வெற்றிலை கூடாது. பிலோமினா வெளியே வேப்பமரத்தடியில் எல்லோரும் பார்க்க உட்கார்ந்து ஆத்தூர் வெற்றிலையை மடித்துப் போடுவாள். நான் திருச்செந்தூரில் வேண்டிக்கொண்டு வெற்றிலையை விட்டுவிட்டவள். அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். உண்மையில் என் இடுப்பில் ஒரு சுருக்குப்பை உண்டு. மனசில் பயம் ஏறினால் கை தானாக அங்கே போகும். அன்று கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வாய் போட்டேன். தண்ணீர் போகிற துளையில் துப்பினேன். கையிலிருந்த துணியில் வாயைத் துடைத்தேன். பதற்றத்தில் அந்தத் துணியாலேயே நாலு வரிசையை வழித்துவிட்டேன். ஈரத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

மறுநாள் காலையில் அந்த நாலு வரிசையும் துருப்பிடித்த கம்பி மாதிரி சிவந்து கிடந்தன. கொத்தனார் வாளியில் தொங்கிய துணியை விரித்தார். செக்கச்செவேல் என்று ஒரு கறை. சரியாக அந்த நேரம் பிலோமினா தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தாள், வாய் நிறைய வெற்றிலையோடு. அவர் துணியைப் பார்த்தார், அவள் வாயைப் பார்த்தார். "நீதானா இது?" என்றார். வாயில் சாறு இருந்ததால் அவளால் பேச முடியவில்லை. என்னைப் பார்த்தாள். நான் சிமெண்டைக் குழைத்துக்கொண்டிருந்தேன். குழைத்துக்கொண்டே இருந்தேன்.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். அவள் வெளியே போய்த் துப்பி, வாய் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்தாள். அவரிடம் எதுவும் சொல்லவில்லை. தன் சும்மாட்டுத் துணியை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கம் குனிந்தாள்.

"ஈரத்துல தெரியாது, காஞ்சாத்தான் நெறம் தெரியும்னு நீதானளா சொல்லுவ. காயட்டும்."

ரொம்ப வெளுத்துப்போனது

நாலு வரிசையையும் சுரண்டி எடுத்துப் புதிதாக அடைத்தேன். நல்ல தண்ணீர், புது சிமெண்டு, அலசின துணி. என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக நான் வேலை செய்ததில்லை. காய்ந்ததும், பக்கத்து வரிசைகளைவிடக் கூடுதலாக வெளுத்துவிட்டது. கிழவன் வாயில் கட்டிய புதுப் பல் மாதிரி, உள்ளே நுழைகிறவர் கண் நேரே அங்கேதான் போயிற்று.

முதலாளி வீட்டு அம்மாவும் வந்த உடனே, "இந்த நாலு மட்டும் என்ன?" என்று கேட்டார். "முந்தி வந்த சித்தாள் ஒரு வெத்தலைக்காரிம்மா, அவ கெடுத்துட்டா. நம்ம செல்லக்கனிதான் சரிபண்ணுனா" என்றார் கொத்தனார். அவர் என்னை ஒருத்தர் முன்னால் மெச்சியது அதுதான் முதல் தடவை. என்னால் அதைத் தாங்கிக்கொண்டு நிற்க முடியவில்லை. இடுப்பிலிருந்த சுருக்குப்பையை எடுத்து அவர் காலடியில் வைத்தேன். "நான்தான் அண்ணாச்சி" என்றேன். அந்த அம்மா மெதுவாக வெளியே போய்விட்டார். கொத்தனார் பையை எடுக்கவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் தனியாக முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். இறங்கிய பிறகுதான், பிலோமினாவை நாளைக்கே வேலைக்கு வரச் சொல் என்றுவிட்டு, என்னைக் கேட்டார்.

"நெறம் தப்புனா சட்டி தூக்குன்னுதான் சொன்னேன், ஒன் தலையையா கேட்டேன்? அதுக்காகவாளா ஒருத்தி சோத்துல மண்ண அள்ளிப் போட்ட?"

பிலோமினா வீட்டு வாசல்

பஸ்ஸை விட்டு இறங்கினவள் வீட்டுக்குப் போகாமல் நேரே பிலோமினா வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன், அவர் உன்னை வரச் சொல்லிவிட்டார், இனிமேல் நான் சட்டி தூக்குகிறேன், நீ இடுக்கை அடை என்றேன். அவள் செதில் ஒட்டியிருந்த விரல்களை விரித்துக் காட்டினாள். கொத்தனார் விரலைவிட மொத்தமான விரல்கள். "இத வச்சு நான் இடுக்கையா அடைக்க? போளா கோட்டிக்காரி" என்றாள். அவள் சிரித்துவிடுவாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

கையைக் கழுவிவிட்டு உள்ளே போய்த் தன் வெற்றிலைப் பெட்டியோடு வந்தாள். நல்ல வெற்றிலையாகப் பார்த்து ஒன்றை எடுத்து, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்தாள். நாங்கள் பேசியதைக் கேட்டுத் தெருவில் நாலைந்து பெண்கள் கூடிவிட்டார்கள். நான் திருச்செந்தூரில் வேண்டிக்கொண்ட கதையை அவர்கள் எல்லோருமே என் வாயால் கேட்டவர்கள். பிலோமினா அந்த மடிப்பை என் முன்னால் நீட்டினாள்.

"இந்தா, போடு. கதவச் சாத்திக்கிட்டு இல்ல, இங்கன வாசல்ல உக்காந்து, இவளுக எல்லாரும் பாக்கப் போடு."

கீழவைப்பார் வீட்டில் அந்த நாலு வரிசையும் மற்ற வரிசைகளோடு சேர்ந்து இப்போது ஒரே நிறமாகிவிட்டதாம். அடைத்தவள்தான் இன்னும் காயவில்லை.