முடிதிருத்துபவரின் நாய்

"முடிக்கு மெஷின் போட்டீங்களா?" என்று கால்நடை ஆஸ்பத்திரி நர்ஸ் கேட்டாள்.

"போட்டேன்" என்றார் முடிதிருத்துபவர்.

"எத்தனை தடவை?"

"மாசம் ஒரு தடவை. நாலு மாசமா. என் வீட்டுப் பிள்ளை பரட்டைத் தலையோட திரிஞ்சா கடைக்கு எவன் வருவான்?"

மேசைமேல் நின்றது அவர் வளர்க்கும் கம்பி. முழங்கால் உயரம்கூட இல்லாத டெரியர் நாய்; உடம்புதான் சின்னது, ரோஷம் பெரியது. எடை பார்ப்பதற்குள் மூன்று பேரைக் குரைத்தே விரட்டியிருந்தது. ஆனால் முதுகு முடி பஞ்சாய் நமத்துக் கிடந்தது. இடுப்பில் சொறிந்து சொறிந்து புண்.

இந்த இனத்துக்கு மேல்முடி விறைப்பானது, முற்றிய முடியை விரலால் பிடுங்கிவிட வேண்டும், பழுத்த இலையைக் கிள்ளுவதுபோல வலிக்காமல் வந்துவிடும் என்று அவள் விளக்கினாள். வெட்டினால் செத்த முடி தோலுக்குள்ளேயே தங்கி அரிக்கும். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். இருபத்தாறு வருடம் கத்தரி பிடித்த கைகள். ஒரு தலையிலும் கீறல் விழுந்ததில்லை என்று அவர் மனைவி தெருவெல்லாம் பெருமை பேசுவாள். அவளேதான் இப்போது கெடு வைத்திருந்தாள்: நாய்க்கு ஏதோ தொத்து வியாதி, மாசக் கடைசியில் தன் தம்பியின் கிடங்குக்குப் போகட்டும், எலி பிடித்துப் பிழைத்துக்கொள்ளும்.

கடை விடுமுறை தோறும் அவர் கம்பியோடு வந்தார். விரல் வழுக்காமல் இருக்கச் சுண்ணக்கட்டித் தூள் தடவிக்கொள்ள அவள் சொல்லிக்கொடுத்தாள். முதல் நாள் கம்பி அவர் சட்டைக்கையைக் கவ்வி இழுத்தது. பிறகு அவர் வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல ஊர்க்கதை பேசிக்கொண்டே பிடுங்க, நாய் பாதிக் கதையில் தூங்கிப்போனது. மூன்றாம் வாரம் புண் காய்ந்தது. நான்காம் வாரம் தோளில் விறைப்பாய்ப் புதுமுடி குத்திட்டு நின்றது. தொற்று எதுவும் இல்லை என்று டாக்டரும் எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் அந்தச் சீட்டு எடுபடவில்லை. புண் ஆறினால் என்ன, வியாதி உள்ளே இருக்கும் என்றாளாம் மனைவி. கம்பியின் தட்டும் சங்கிலியும் பையில் ஏறி வாசலுக்கு வந்துவிட்டன. மெஷின் விஷயத்தைப் பற்றி அவளிடம் அவர் மூச்சுவிடவில்லை.

அன்று கம்பியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவர் நர்ஸின் முன்னால் நின்றார். மறுநாள் மனைவியின் தம்பி வண்டியோடு வருகிறான்.

"வீடு வரைக்கும் ஒரு நடை வர்றீங்களாம்மா? நாய்மேல குத்தமில்ல, இவர் மெஷின் பண்ணின வேலைன்னு அவகிட்ட நீங்க சொல்லுங்க. நான் ஆரம்பிச்சா பேச்சை மாத்திருவேன். நீங்க சொல்லுங்க, திட்டு வாங்க நான் பக்கத்துலயே நிக்கிறேன்."