குழாய்க்குள் வழவழப்பு

பண்ணை சூபர்வைசர் வேலை என்பது தினமும் பைக்கில் போய்ச் செத்த கோழிக்குத் துக்கம் விசாரிக்கிற வேலை. பிராய்லர் கம்பெனியின் குஞ்சை வாங்கி வளர்த்து நொந்துபோன உங்களில் பலருக்கு என் மாதிரி ஆளின் முகமே பிடிக்காது, தெரியும். இது இரண்டாயிரத்துக்குப் பிறகு, திருக்கழுக்குன்றம் பக்கம் கஸ்தூரி அக்கா பண்ணையில் நாங்கள் பட்ட பாடு.

பளிச்சென்ற தொட்டி

முதல் இரண்டு பேட்ச் குஞ்சும் வயிற்றுப்போக்கில் போய்விட்டது. மூன்றாவதும் போனால் இனி குஞ்சு கிடையாது என்று எங்கள் மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். மூன்றாவது பேட்ச் இறங்கிய வாரம் போனேன். சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு, தேய்த்துப் பளிச்சென்று தண்ணீர்த் தொட்டி. கோழி கொத்திக் குடிக்கிற நிப்பிள் குழாயின் கடைசி மூடியைக் கழற்றி விரலை விட்டேன். சளி மாதிரி வழவழவென்று வந்தது. கிருமிகள் கூடிக் குழாயின் உட்புறத்தில் கட்டிக்கொண்ட படலம். எந்த மருந்தைக் கலந்தாலும் அதன் அடியில் இருக்கிற கிருமி சுலபத்தில் சாகாது. அக்கா என் விரலையே பார்த்தார்.

"குழாய் மூடிக்கினுதானே சார் கீது, அதுக்குள்ள எப்டி அழுக்கு பூரும்?"

வெல்லத் தண்ணீர்

குஞ்சு இறங்கியதும் பயணக் களைப்புக்கு வெல்லம் கரைத்துக் கொடுப்பது நம் பண்ணைகளில் வழக்கம். அக்காவுக்கு மனசு கேட்காமல் வாரம் முழுக்கக் கரைத்திருந்தார். குஞ்சு குடித்தது போக மிச்சம் அந்தப் படலத்துக்குச் சாப்பாடு. வெல்லத்தை நிறுத்துங்கள், வளர்ந்த கோழியைப் பிடித்துப்போய் ஷெட் காலியானதும் மருந்து விட்டு ஊறவைத்துக் குழாயைக் கழுவலாம் என்றேன்.

"தாயில்லாத குஞ்சுங்க சார், வெறுந்தண்ணிய எப்டி காட்டறது?"

கடல் குழாய்

அக்காவின் வீட்டுக்காரர் ஏகாம்பரத்துக்குக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் காண்டிராக்ட் வேலை. கடல் தண்ணீர் வருகிற குழாயில் பாசியையும் சிப்பியையும் சுரண்ட வேண்டும். வழவழப்பைத் தொட்டதுமே அவருக்குப் புரிந்துவிட்டது. தினமும் இதே வேலை செய்கிறவர் சொந்த ஷெட்டில் ஏன் பார்க்கவில்லை என்று எரிச்சலோடு கேட்டுவிட்டேன்.

"அங்க ஒரு குழாய் அடச்சா ஆபீசருங்க ஓடியாருவாங்க சார். இங்க கோழிதானே சாவுது."

நிறைந்த தொட்டி

பேட்ச் பாதி வளர்ந்தபோது மறுபடியும் சாவு ஆரம்பித்தது. ஏகாம்பரத்துக்குப் பொறுக்கவில்லை. ஷெட் காலியாகும்வரை பொறுக்காமல், கோழி உள்ளே இருக்கும்போதே பிளீச்சிங் பவுடரைத் திட்டமாகக் கரைத்துக் குழாயில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அக்கா கோவளத்தில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார். படலம் துண்டு துண்டாகப் பெயர்ந்து வந்து நிப்பிள்களை அடைத்துக்கொண்டது. அன்றைக்கென்று நெருப்பு வெயில்.

சாயங்காலம் நானும் அக்காவும் ஒரே நேரத்தில் போய் நின்றோம். ஷெட்டில் சத்தமே இல்லை. குழாய்க்கு அடியில் வாயைத் திறந்தபடி குவியல் குவியலாகக் கிடந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா ஏணியில் ஏறித் தொட்டியை எட்டிப் பார்த்தார். இறங்கி வந்து சொன்னார்.

"தொட்டி ரொம்பி கீது சார். தண்ணிய தலைக்கு மேல வச்சிக்கினு தாகத்துல செத்துதுங்க."

அந்த ஷெட்டுக்குக் குஞ்சை நிறுத்திவிட்ட கம்பெனி, சாவுக்குச் சரியான காரணத்தைக் கண்டுபிடித்ததாக என்னை மட்டும் மனதாரப் பாராட்டியது.