பாலத்துக் கூரை

எங்கள் ஊரிலிருந்து வருசநாட்டு ரோட்டுக்குப் போக ஓடையைத் தாண்ட வேண்டும். ஓடைமேல் ஒரு மரப்பாலம். அடியில் இரண்டு பெரிய உத்திரங்கள், அவற்றின்மேல் குறுக்குப் பலகைகள், இரண்டு பக்கமும் இடுப்புயரத்துக்குப் பலகைச் சுவர், எல்லாவற்றுக்கும் மேலே வீடு மாதிரி தகரக் கூரை. காட்டில் வெட்டிய மரத்தை இறக்க ஒரு காண்ட்ராக்டர் மலைக்கு அந்தப் பக்கத்து ஆசாரிகளை வைத்துக் கட்டியது. வெட்டு முடிந்ததும் அவர் போய்விட்டார். பாலம் எங்களுக்கு மிச்சம்.

நடக்கிறவர்கள் நனையாமல் இருக்கத்தான் கூரை என்று ஊரே நினைத்தது. தகரத்தில் ஓர் ஓட்டையைத் தாரால் அடைத்திருந்தார்கள். பார்க்கக் கிளி மாதிரி இருக்கும். அப்பா தோளில் உட்கார்ந்து போகும்போதெல்லாம் அதை எட்டித் தொடுவேன்.

பெரியப்பாவுக்கு இலவம் பஞ்சு வியாபாரம். அப்பா அவருக்கு வண்டி ஓட்டினார். பஞ்சுக்கு எடை கிடையாது. மூட்டைகளைக் கோபுரம் மாதிரி அடுக்குவார்கள். அது கூரையில் இடித்தது. பாதி மூட்டையை இந்தக் கரையில் இறக்கிவிட்டு இரண்டு நடை அடிக்க வேண்டும். பெரியப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. கூரையைப் பிரித்துவிடலாம் என்றார். வண்டிக்காரர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள்.

அம்மா பெரியப்பாவிடம் நேராகப் பேச மாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்று அப்பாவிடம் சொன்னாள்.

"மரம் நனையுமே. உங்க அண்ணன் அத யோசிச்சாகளான்னு கேளுங்க."

"ஏன் ஆத்தா, பாலத்துக்கு என்ன சளியா பிடிக்கப் போகுது?" என்றார் பெரியப்பா.

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அப்பாதான் ஏறி ஆணிகளைப் பிடுங்கினார். தகரமெல்லாம் பெரியப்பாவின் பஞ்சுக் கொட்டகைக்குப் போனது. பஞ்சு நனையக் கூடாதாம்.

சில மழைக்காலங்கள் போயின. பலகைச் சந்துகளில் தண்ணீர் இறங்கி, உத்திரம் உள்ளுக்குள்ளேயே மக்கியது. மேலே பலகை நன்றாகத்தான் இருந்தது. ஒருத்தரும் ஓடையில் இறங்கி அண்ணாந்து பார்க்கவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த சித்திரையில் பாலம் நடுவில் முறிந்தது. மேலே போனது பஞ்சு வண்டி, எடையே இல்லாத வண்டி. ஓடையில் தண்ணீர் இல்லை, பாறைதான். ஒரு மாடு பிழைத்தது. அப்பா பிழைக்கவில்லை. மூட்டைகள் கிழிந்து ஓடை முழுக்க வெள்ளை. அப்பாவின் மீசையிலிருந்து பஞ்சைப் பிய்க்கப் பிய்க்க வந்துகொண்டே இருந்தது.

விதி என்றார் பெரியப்பா. ஓடைக்கரை அம்மனுக்குக் கிடா வெட்டாத குறை என்றும் சொன்னார். கேட்டவர்கள் அதற்கும் தலையாட்டினார்கள்.

அப்பாவை வாசலில் கிடத்தியிருந்தபோது கோடை மழை பிடித்தது. பெரியப்பா ஆள் விட்டுக் கொட்டகையிலிருந்து தகரங்களைக் கழற்றிவரச் செய்து, கம்பு நட்டு, மேலே கட்டவைத்தார். தம்பிமேல் எவ்வளவு பாசம் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

நான் மேலே பார்த்தேன். தார்க்கிளி. அத்தனை அழுகைக்கு நடுவில் எனக்குச் சந்தோஷம் வந்துவிட்டது.

"அம்மா, நம்ம பாலத்துக் கூரைம்மா."

அம்மா அண்ணாந்து பார்த்தாள். பிறகு எழுந்து போய்த் தெருவில், மழையில் உட்கார்ந்தாள். பெண்கள் இழுத்தும் வரவில்லை.

"அவளப் பிடிச்சு உள்ள கூட்டியாங்க. சளி பிடிச்சிரும்" என்றார் பெரியப்பா.

நானும் கூப்பிட்டேன். கூரைக்கடியில் அப்பா பக்கத்தில் இவ்வளவு இடம் இருக்கும்போது இவள் எதற்கு நனைகிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.