அக்காவின் வலது கையும் ஒரு மாதச் சந்தாவும்

என் அக்கா வலது கையால் சோற்றைப் பிசைந்து சாப்பிட வேண்டும். போன வருடத்திலிருந்து எங்கள் குடும்பம் ஆசைப்பட்டது இந்த ஒன்றுக்குத்தான். அதற்குக் குறுக்கே நின்றது வியாதி மட்டும் என்றால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். வியாதியைத் திட்டி என்ன பயன்? திட்ட வேண்டியவர்கள் வேறே இருக்கிறார்கள்.

நாற்பத்தேழு வயதில் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. இரண்டு மாதத்தில் கால் தேறிவிட்டது, பேச்சும் திரும்பிவிட்டது. கை மட்டும் முரண்டு பிடித்தது. விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டுகொண்டன. இடது கையில் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டாள். கல்யாணம், காதுகுத்து என்று எதற்குக் கூப்பிட்டாலும் வர மறுத்தாள். பந்தியில் உட்கார்ந்து இடது கையால் சாப்பிடுவதை நாலு பேர் பார்ப்பார்களே என்று அவளுக்கு வெட்கம்.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்கிற பெண் கறாராகச் சொல்லிவிட்டாள்: முதல் சில மாதங்கள்தான் முக்கியம், விரலுக்கு ஓயாமல் வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலையை ஒவ்வொன்றாக எடுத்து இன்னொரு கிண்ணத்தில் போடச் சொன்னாள். அக்கா நாலு நாள் போட்டாள். ஐந்தாம் நாள், "இத்த ஊற வச்சி சுண்டலாவது பண்ணலாம். இப்டி இங்கேர்ந்து அங்க, அங்கேர்ந்து இங்க போட்டுகினே இருந்தா பைத்தியம்தான் புடிக்கும்" என்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள். அப்போதுதான் அந்தப் பெண் போனைக் காட்டினாள். ஒரே நிறப் புள்ளிகளை விரலால் கோடு இழுத்துச் சேர்க்கிற இலவச விளையாட்டு. கோடு மேல் கோடு ஏறக்கூடாது. அக்காவுக்கு அது பிடித்துப்போனது. கடலைக்கு மசியாத விரல் கோட்டுக்கு மசிந்தது.

நான் இருப்பது அண்ணனூரில். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மருந்து கம்பெனியின் பேக்கிங் பிரிவில் சூப்பர்வைசர். அக்கா இருப்பது ஐயப்பன்தாங்கலில். அவள் புருஷன், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், பஸ் டிப்போவில் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு பஸ் மாறி அக்கா வீட்டுக்குப் போவேன். அப்படிப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்த இலவச விளையாட்டின் லட்சணத்தை நேரில் பார்த்தேன்.

அக்கா ஒரு கட்டத்தை முடிக்கப் படாத பாடு படுவாள். விரல் நடுங்கும், நெற்றி வேர்க்கும், கடைசிக் கோடு போய்ச் சேரும். சேர்ந்த நொடியில் விளம்பரத்தில் ஒருத்தி வந்து நகைக்கடன் வேண்டுமா என்று கத்துவாள். அவள் போனால் சீட்டாட்டத்தில் கார் வாங்கியவன் வருவான். அவர்களை அனுப்ப மூலையில் ஒரு பெருக்கல் குறி இருக்கும். எள்ளளவு. நல்ல விரல் இருக்கிறவர்களே நாலு முறை குத்த வேண்டும். அக்காவின் விரல் அதற்குப் பக்கத்தில் விழும். விழுந்தால் வேறு ஏதாவது திறக்கும், எதையாவது இறக்கிக்கொள்ளும், எதற்கோ சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும். அந்தக் குறியை அங்கே வைத்தவனுக்கு அது தெரியாமல் இல்லை. தப்பாக விழ வேண்டும் என்றுதான் வைத்திருக்கிறான். கை விளங்காத ஒரு பொம்பளையின் நடுக்கத்தில் அவனுக்குப் பிழைப்பு ஓடுகிறது. நன்றாக இருக்கட்டும்.

ஒரு நாள் கடன் கம்பெனியிலிருந்தே போன் வந்துவிட்டது, மேடம் லோன் கேட்டிருக்கிறாரே என்று. மாமா வீடு அதிரக் கத்தினார். அக்கா போனை ஃபிரிட்ஜ் மேல் வைத்தவள்தான், ஒரு வாரம் தொடவில்லை.

விளம்பரமே இல்லாமல் விளையாட வழி இல்லையா என்று நான் தேடினேன். இருந்தது. எல்லோர் கையிலும் இருக்கிற அதே போனில், எல்லோரும் தினமும் ஆப் இறக்குகிற அதே கடையில், ஒரு மூலையில் இருந்தது. மாதச் சந்தா கட்டினால் நூற்றுக்கணக்கில் விளையாட்டுகள். நடுவில் எவனும் வந்து கத்த மாட்டான். மேலே ஆட உயிர் வாங்கு, வைரம் வாங்கு என்று பாதியில் கழுத்தைப் பிடிக்க மாட்டான். சந்தா என்ன பெரிய காசு? அக்கா ஒரு வாரம் தலையில் வைக்கிற பூவுக்கு ஆகிற செலவு.

கம்பெனியில் என் பிரிவில் இருக்கிற பெண்களிடம் கேட்டேன். சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன் போனைத் திறக்கிறவர்கள். இப்படி ஒன்று இருப்பது ஒருத்திக்கும் தெரியவில்லை. சொன்னதும் சிரித்தார்கள். "இன்னாக்கா, ஆட்றதுக்குப் போயி யாராவது காசு குடுப்பாங்களா? ஓசியிலதான் இவ்ளோ கீதே" என்றாள் ஒருத்தி. ஓசியில் கொடுத்தால் பினாயிலையும் குடிக்கிற கூட்டம் என்று நம்மைச் சொல்கிறவன் சும்மா சொல்லவில்லை. அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளையில் பத்து நிமிடத்தை விளம்பரத்துக்குக் கொடுத்துவிட்டு, ஓசி என்கிறாள். அந்தப் பத்து நிமிடம் அவளுடையது இல்லையா?

எனக்கு இன்னொரு கோபமும் உண்டு. இதே வீடுகளில் கிரிக்கெட் பார்க்க மாதாமாதம் கட்டுகிறார்கள். சீரியலுக்குக் கட்டுகிறார்கள். அது செலவு என்று யாரும் முனகுவதில்லை. விளையாட்டு என்றதும், அதுவும் வயது வந்த பொம்பளை விளையாடுகிறாள் என்றதும், பைசா கொடுக்கக் கை வராது. அவள் பொழுதுக்கு விலையே கிடையாது. கடைக்காரனும் அதைப் புரிந்துகொண்டுதான் நல்ல சரக்கைப் பரண் மேல் வைத்துவிட்டு, மட்டமான சரக்கை வாசலில் பரப்பியிருக்கிறான்.

மாமாவிடம் சொன்னேன். "விளையாட்டுக்குக் காசா? உனுக்கு இன்னா, மண்ட கிண்ட கொயம்பிச்சா?" என்றார். டிவியில் அவர் சந்தா கட்டிய மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. அவர் குளிக்கப் போன சமயம் பார்த்து, அக்காவின் போனில் என் கார்டு நம்பரைப் போட்டுச் சந்தாவைத் தொடங்கிவிட்டேன்.

அந்த ஒரு மாதத்தை நான் மறக்க மாட்டேன். புதிதாகக் கிடைத்த விளையாட்டிலும் கோடுதான். அக்கா காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் இழுத்தாள். நடுவில் யாரும் வரவில்லை. கட்டை விரல் முதலில் விட்டுக்கொடுத்தது, பிறகு ஆள்காட்டி விரல். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து, வலது கையால் இட்லியை விண்டு சட்னியில் தோய்த்து வாயில் வைத்தாள். பாதி மடியில் விழுந்தது. இருவரும் அழுதோம். "அடுத்தது சோறுதான், பாத்துகினே இரு" என்றாள்.

அதன் பிறகு ஐந்து வாரம் என்னால் போக முடியவில்லை. கம்பெனியில் ஆடிட், ஞாயிறும் வேலை. தினமும் போனில் பேசினேன். "ஆடறியாக்கா?" என்பேன். "ஆடறேன்டி" என்பாள். நம்பினேன்.

ஆடிட் முடிந்து போனேன். மாமா வீட்டிலிருந்தார். அக்கா எனக்கு இட்லி வைத்துவிட்டு, தன் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. திறந்துகொண்டு உள்ளே போனேன். இடது கையில் ஸ்பூன். வலது கை மடியில் சுருண்டு கிடந்தது. விரல்களைப் பிரித்துப் பார்த்தேன், வலிக்கிறது என்று இழுத்துக்கொண்டாள்.

போன் பழையபடி ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. விளையாட்டைத் திறந்தேன். சந்தா முடிந்துவிட்டது, மறுபடி கட்டவும் என்று இங்கிலீஷில் வந்து நின்றது. அக்காவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது.

"மாமா, இத யாரு நிறுத்துனது?"

அவர் ஒளிக்கவில்லை. பெருமையாகவே சொன்னார். "அதுவா? அப்பவே டிப்போல வெட்டி உட்டாச்சே. எவனோ என் பேர்ல ஏத்திகீறான்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வீட்டில் இரண்டு போன். இரண்டுக்கும் ஒரே மெயில் ஐடி, மாமாவுடையது. போன் விற்ற கடைக்காரன் போட்டுக் கொடுத்தது. நம் பக்கத்தில் பாதி வீடு அப்படித்தான், ரேஷன் கார்டு மாதிரி வீட்டுக்கு ஒரு மெயில். நான் அக்காவின் போனில் தொடங்கிய சந்தா மாமாவின் போனில் போய் மணியடித்திருக்கிறது. கட்டிய மாதம் முடிகிற வரை ஓடிவிட்டு, அதன் பிறகு நின்றுவிட்டது. அடுத்த மாதம் என் கார்டிலிருந்து பணம் போகவில்லை என்பதை நானும் கவனிக்கவில்லை.

டிப்போவில் ஒரு பழக்கம் உண்டாம். சந்தா, ஆக்டிவேட் என்று யாருக்கு மெசேஜ் வந்தாலும் டீ நேரத்தில் எடுத்துக்கொண்டு வருவார்கள். இங்கிலீஷ் தெரிந்த ஒரு எலக்ட்ரீஷியன் இருக்கிறார். அவர் வாங்கிப் பார்த்து, என்ன ஏது என்று கேட்காமல் வெட்டிவிடுவார். அது அவருக்கு ஒரு புண்ணிய காரியம்.

நான் கத்தினேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, எங்களில் யாரையாவது கேட்டிருக்கலாமே என்றேன். மாமாவின் குரலும் ஏறியது.

"உனுக்கு இன்னா தெரியும்? மொத மொத நான் போன் வாங்குன காலத்துல ஒரு பொண்ணு போன் பண்ணுச்சி. பாட்டு பிரீயா வேணுமா, ஒண்ண அமுக்குன்னுச்சி. பிரீதானேன்னு அமுக்குனேன். அதுக்கப்பறம் எங்க பெரிய ஆபீசர் எனுக்கு போன் பண்ணா, அந்தாளு காதுல காதல் பாட்டு பாடுது. டிப்போவே சிரிச்சிது. பேலன்ச தெனம் தெனம் தின்னுகினே கீது. நிறுத்தறதுக்கு நாய் மாரி அலஞ்சேன். அன்னிலேர்ந்து சந்தான்னு ஒரு வார்த்த வந்தா நான் நிக்க மாட்டேன்."

சூடு கண்ட பூனை அடுப்பண்டை சேராது. அதற்கு மேல் மாமாவைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. கோபம் குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை, இடம் மாறிவிட்டது. ஒரு காலத்தில் கேட்காதவன் தலையிலெல்லாம் சந்தாவைக் கட்டிக் கொள்ளையடித்தவர்கள், அந்த வார்த்தையையே நாற வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். இன்றைக்கு நியாயமாக ஒருவன் அதே வார்த்தையோடு வந்தால் கதவைத் திறக்க ஆளில்லை. ஓசி என்று வருகிறவனை மட்டும் நடுவீடு வரை விடுகிறோம். நடுவில் என் அக்காவின் கை போனது.

"நின்னுபோச்சுன்னு நீயாவது சொல்லியிருக்கலாமேக்கா. தெனமும் கேட்டேனே. ஆடறேன் ஆடறேன்னியே?" என்றேன்.

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நான்தான் எத்தையோ தப்பா அமுக்கிட்டேன்னு நெனச்சேன். உங்க மாமா கத்துவாரு. நீ மட்டும் இன்னா? லோன்காரன் போன் பண்ணானே, அன்னிக்கி பாத்து அமுக்கத் தெரியாதா, சின்னக் கொழந்தையான்னு நீ போன்ல கத்தல?"

கத்தினேன்தான். மாமா கத்தியதை எழுதியபோது நான் கத்தியதை எழுதாமல் விட்டிருக்கிறேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று என்னைத்தான் சொல்ல வேண்டும். அவள் எனக்குப் பயந்து ஒரு மாதம் பொய் சொல்லியிருக்கிறாள்.

மறுநாளே லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பிசியோதெரபி பெண் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். கட்டை விரல் இறுகிவிட்டது, முதலிலிருந்து தொடங்க வேண்டும், எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றாள். கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அக்காவுக்கென்று தனி மெயில் ஐடி போட்டேன். மாமாவை எதிரில் உட்கார வைத்து, அவர் கண்ணெதிரிலேயே மறுபடி சந்தா கட்டினேன். அவர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, "எலக்ட்ரீஷியன் கிட்ட சொல்லிடறேன்மா, இத்த மட்டும் தொடக்கூடாதுன்னு" என்றார். அக்கா போனை மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். சிவப்பும் சிவப்பும் சேர்ந்தது. பச்சை பாதி வழியில் நின்று, பிறகு அதுவும் சேர்ந்தது. கட்டம் முடிந்தது.

முடிந்ததும் அவள் கை திடுக்கென்று பின்வாங்கிப் புடவைத் தலைப்புக்குள் போய் ஒளிந்துகொண்டது. திரையில் அடுத்த கட்டம் அமைதியாகக் காத்திருந்தது. ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் இப்படியே நடந்தது.

"இதுல ஒண்ணும் வராதுக்கா. யாரும் கத்த மாட்டாங்க" என்றேன்.

"எனுக்குத் தெரியுதுடி" என்றாள் அக்கா. "கைக்குத் தெரிய மாட்டேங்குது."